கீழக்கரையில் நிற்கும் காரை எங்கே விடுவது: கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2021இல் வாங்கிய பெட்ரோல் கார். ஊரில் வாப்பா மட்டும்தான் ஓட்டுகிறார், அதுவும் எப்போதாவது ராமநாதபுரம் போய்வருவதோடு சரி. காசு கட்டி நீட்டித்த வாரண்டி இன்னும் சில மாதங்களில் முடிகிறது. இந்த முறை கம்பெனி சர்வீஸில் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்து மலைத்துப்போன வாப்பா, நம்ம தெரு மெக்கானிக்கே பாதிக் காசில் முடித்துக் கொடுப்பார் என்கிறார். எங்கே விடுவது, வெளியே விட்டால் வாரண்டி போய்விடுமா, சட்டம் என்ன சொல்கிறது?

வாரண்டி முடியும் வரைக்கும் கம்பெனியிலேயே விடுங்கள். முடிந்த பிறகு நல்ல வெளி மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, சில வேலைகளுக்கு மட்டும் கம்பெனிக்குப் போங்கள். பதில் அவ்வளவுதான், ஆனால் கீழக்கரையில் நிற்கிற காருக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு காரைக் கெடுப்பது வேறு, உங்கள் காரைக் கெடுக்கப் போவது வேறு. உங்கள் காருக்கு எதிரி உப்பு. அப்புறம், ஓடாமல் நிற்பது. இந்த இரண்டையும் குனிந்து பார்க்கிற ஆளிடம் வண்டி போகவேண்டும். வாசல் போர்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

நம் காற்று என்ன செய்யும் என்பதற்கு பாம்பனைப் பார்த்தால் போதும். 1914இல் திறந்த ரயில் பாலத்தில் அரிப்பு மிஞ்சிப்போய் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியைக்கூட துருப்பிடிக்காத எஃகில்தான் போட்டார்கள். அதே காற்றில்தான் உங்கள் கார் நிற்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் மழையே பெய்யாத மாதத்திலும் காரின் அடிப்பாகம் சரியாகக் காய்வதில்லை. தெற்கே பார்த்த மன்னார் வளைகுடாக் கரை என்பதால் வைகாசி முதல் ஆவணி வரை காற்றடிக்கும் காலத்தில் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இது இன்னும் கூடுதல். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தவர்களுக்கு வாடைக்காற்றுக் காலத்தில்.

இப்போது உங்கள் வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். அனேகமாக எல்லா கம்பெனிப் புத்தகத்திலும் உப்பு, கடல்காற்று, ரசாயனப் புகை இவற்றால் வரும் பாதிப்பு அந்தப் பட்டியலில் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் போன்ற தேய்மானச் சாமான்களும் இருக்கும். அதாவது நம் கரையில் ஒரு காருக்கு அதிகமாக வருகிற செலவுகளில் பாதிக்கு வாரண்டி வராது. அப்படியானால் எதற்காக வாரண்டி முடியும்வரை கம்பெனியில் விடச் சொல்கிறேன் என்றால், மீதிப் பாதி பெரிய தொகை. ஏசி கம்ப்ரெஸர், எலெக்ட்ரிக் ஸ்டியரிங், கியர் பாக்ஸ், இன்ஜினுக்கு மூளையாக இருக்கும் அந்த எலெக்ட்ரானிக் பெட்டி, இதில் ஒன்று போனாலே பல வருட சர்வீஸ் காசு ஒரே நாளில் போய்விடும்.

அதனால் இந்தச் சில மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். வாரண்டி முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது வாப்பாவை வண்டியோடு அனுப்பி, சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏசி முன்பு மாதிரி குளிரவில்லை, ஸ்டியரிங் திருப்பும்போது கடகடவென்று சத்தம், ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் தட்டுகிறது, என்ன தோன்றினாலும் அத்தனையும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டில், எழுத்தில் ஏறவேண்டும். வாயால் சொன்ன புகாருக்கு நாளைக்கு சாட்சி கிடையாது. அவர்கள் "இதெல்லாம் நார்மல் சார்" என்று அனுப்பினாலும், ஜாப் கார்டில் தேதியோடு எழுதியிருந்தால், வாரண்டி முடிந்த அடுத்த மாதம் அதே சாமான் போகும்போது கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். வண்டி ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ் என்று வருடத்தைத் தாண்ட விட்டுவிடுவார்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குக் கணக்கு. உங்கள் கார் வருடத்துக்கு 3,000 தான் ஓடியிருந்தாலும் ஆயில் மாற்றியாகவேண்டும், மாற்றாமல் விட்டால் அதையே காரணமாகச் சொல்லி நீட்டிப்பு வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. குறைவாக ஓடுகிற வண்டிக்கு ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைத்தெரு வரை போய் இன்ஜின் சூடேறுவதற்குள் திரும்பி வந்து நிறுத்தினால் உள்ளே உண்டாகும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாமல் ஆயிலோடு கலந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் ஸ்பேரையும் கம்ப்யூட்டர் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த உத்தரவிலேயே, வெளியே சர்வீஸ் செய்தாய் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வதாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அதன் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் இருக்கிறது. பிறகு மேல்முறையீடுகள் வந்தன. நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனி இணையதளமே தொடங்கி, கார்களையும் அதில் சேர்த்தது. சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ராமநாதபுரம் சர்வீஸ் சென்டரில் வண்டி லிஃப்டில் ஏறி நிற்கும்போது அட்வைசர் முடியாது என்றால் அந்த உத்தரவைக் காட்டி அன்றைக்கே காரியம் ஆகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணமும் கிடையாது, ஆனால் அதற்கெல்லாம் நாள் பிடிக்கும், நீங்களோ வெளிநாட்டில். இன்னும் சில மாதம்தான் என்கிறபோது அந்த வழக்கை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

எஸ்டிமேட் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி சர்வீஸ் விலை அதிகம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது பாதி சரி. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், லேபர், இவ்வளவுக்கும் என்ன என்று மட்டும் கூட்டிப் பாருங்கள், வெளியே நல்ல ஆயில் போட்டுச் செய்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வராது. தொகை ஏறுவது அதற்குக் கீழே இருக்கும் வரிகளில்: இன்ஜெக்டர் கிளீனிங், த்ரோட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி கிருமிநாசினி, உள்ளே மெருகு, வெளியே மெருகு. இவற்றில் பெரும்பாலானவை உங்கள் ஓனர் மேனுவலில் உள்ள பராமரிப்பு அட்டவணையில் இருக்காது. அட்டவணையில் இல்லாததை, குறை எதுவும் இல்லாதபோது, செய்யத் தேவையில்லை. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பச் சொல்லி, வரி வரியாகப் பார்த்து, வேண்டியதற்கு மட்டும் சரி என்று எழுதி அனுப்புங்கள். வாப்பாவை கவுண்டரில் நிற்க வைத்து "போட்டுரலாமா சார்" என்று கேட்டால் பெரியவர்கள் கூச்சப்பட்டே தலையாட்டிவிடுவார்கள். அங்கே வேலை செய்யும் பையன்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு மேலிருந்து வரும் டார்கெட் அப்படி.

எஸ்டிமேட்டில் அதிகம் இருக்கிறது என்பதைவிட எனக்குப் பெரிய மனக்குறை, நம் கரைக்கு வேண்டியது அதில் இருப்பதில்லை என்பதுதான். ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல். முன் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலிப்பர் என்ற இரும்புப் பிடி இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்தால்தான் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் உள்ள பேட் ஒரே அளவில் அழுத்தும். அந்தப் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை ஒரு இடத்தில் வெடித்துவிட்டால் போதும், உப்பு ஈரம் உள்ளே போய் கிரீஸ் கெட்டியாகி, பின் அசையாமல் இறுகிவிடும். பிறகு உள்பக்கத்துப் பேட் இரும்பு தெரியும் வரை தேய்ந்திருக்க வெளிப்பக்கத்துப் பேட் புதிது மாதிரி தடிமனாக நிற்கும். வீல் சந்து வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த வெளிப்பக்கத்துப் பேட்தான், "பேட் ஓகே சார்" என்று டிக் அடித்துவிடுவார். காலிப்பரைக் கழற்றி, இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பின்னைத் துடைத்து, அதற்கென்று இருக்கிற சிலிக்கான் கிரீஸ் போட்டு மாட்டுகிறவர்தான் நமக்கு வேண்டிய மெக்கானிக். சாதாரண மஞ்சள் கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும், அதையும் தெரிந்தவராக இருக்கவேண்டும். இந்த வேலை நம் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம்.

அதேபோல பேட்டரிக்குக் கீழே பாடியோடு இணையும் எர்த் கேபிள். அந்த போல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறினால் கரண்ட் சரியாகத் திரும்பாது. வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் ஆகாது, ஸ்டியரிங் விளக்கு எரியும், ஏபிஎஸ் விளக்கு எரியும், கடைசியில் புது பேட்டரி வாங்கி மாட்டியும் அதே கதைதான். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவினால் தீர்கிற விஷயம். ஏசி கண்டென்ஸரும் அப்படித்தான், முன் கிரில்லுக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளாக இருக்குமே, அதில் வெள்ளைப் பொடி பூத்து உதிர ஆரம்பித்தால் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். கேஸ் குறைந்துவிட்டது என்று வருடா வருடம் கேஸ் மட்டும் ஏற்றுகிறவரிடம் போகாதீர்கள். எங்கே லீக் என்று நைட்ரஜன் ஏற்றிப் பார்த்துச் சொல்கிறவரிடம் போங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை உள்ளது, அதை 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும், இங்கே இதை யாரும் கேட்பதும் இல்லை, செய்வதும் இல்லை.

அப்படியானால் வெளி மெக்கானிக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் பக்கத்தில் நல்ல கைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ தனியாக ஷெட் போட்டவர்கள் இருக்கிறார்கள். விசைப்படகு இன்ஜின் பார்த்து வளர்ந்தவர்களும் உண்டு, அவர்களுக்கு உப்பு எங்கே புகுந்து எதைத் தின்னும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும், ஆனால் அவர்களில் சிலருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பழக்கமில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். முதல் தடவை பெரிய வேலையோடு போகாதீர்கள், வெறும் ஆயில் சர்வீஸுக்கு வாப்பாவோடு ஒரு விவரமான ஆளை அனுப்புங்கள். என்ன ஆயில் போடலாம் என்று அவர் மேனுவலைப் பார்க்கிறாரா, இல்லை டிரம்மில் இருப்பதை ஊற்றுகிறாரா? இப்போது வரும் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று தண்ணீர் மாதிரியான ஆயில், அதில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் மைலேஜும் குறையும், மேலே போகவேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரவும் செய்யாது. பிஎஸ் 6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சாம்பல் குறைவான ஆயில் போடாவிட்டால் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும்.

ஸ்பேர் பார்ட்ஸை அவரே வாங்கட்டும், ஆனால் பில்லும் டப்பாவும் வேண்டும், கழற்றிய பழையதும் வேண்டும். கம்பெனி முத்திரை போட்ட சாமான்தான் வேண்டும் என்றில்லை. பாஷ், லூகாஸ் டிவிஎஸ், ரானே, கேப்ரியல், வாலியோ போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுப்பவர்கள், அவர்கள் டப்பாவிலேயே வெளியில் விற்பதை தாராளமாகப் போடலாம். பெயரே இல்லாத டப்பாவில் வரும் பிரேக் பேடும் ஆயில் ஃபில்டரும் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். அப்புறம், ஒரு மெக்கானிக் "இது என் கையில் ஆகாது, கம்பெனிக்குக் கொண்டு போங்க" என்று எதற்காவது சொல்கிறார் என்றால் அவரை விடாதீர்கள். எல்லாம் முடியும் என்கிறவரிடம்தான் பயம்.

கம்பெனிக்கே போகவேண்டியவை என்று நான் நினைப்பது ஏர்பேக், சாவி கோடிங், சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் கை வைப்பது, ஹைப்ரிட் அல்லது மின்சாரக் காரின் பேட்டரி சம்பந்தப்பட்ட எதுவும். கம்பெனி ஏதாவது குறைக்காக வண்டிகளைத் திருப்பி அழைத்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைப் போட்டு கம்பெனி இணையதளத்தில் வருடம் ஒரு முறை பாருங்கள், இருந்தால் அந்த வேலையை இலவசமாகவே செய்து தருவார்கள், வெளியே சர்வீஸ் செய்தீர்களா என்று அதற்குக் கேட்கமாட்டார்கள். விபத்து என்றால், முதலில் இன்ஷூரன்ஸுக்குத் தகவல், பிறகுதான் கழற்றுவது, அவர்கள் கேஷ்லெஸ் பட்டியலில் உள்ள இடத்துக்கே போவது லேசு.

இனி அண்டர் கோட்டிங், அதாவது துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடிக்கும் பூச்சு. புது வண்டிக்கு அடித்தால் பலன் உண்டு. ஐந்து வருடம் ஆன வண்டிக்கு, ஏற்கனவே உள்ள துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே கறுப்பாக அடித்தால், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு வெளியே தெரியாமல் தின்றுகொண்டிருக்கும். கழுவி, காயவைத்து, சுரண்டி, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் கோட்டிங், அதற்கு இரண்டு நாளாவது வண்டி நிற்கவேண்டும். ஒரே மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய கழிவு ஆயிலை பிரஷ்ஷில் தொட்டு அடியில் பூசுகிற பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து வந்தது, அது ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், மண்ணிலும் சொட்டும், செய்யாதீர்கள்.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. வாட்டர் சர்வீஸ். நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவவேண்டும் என்று வண்டியைக் கொண்டுபோய், அந்தத் தண்ணீரையே பிரஷரில் அடித்து மூலை முடுக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். போகும் முன் அந்தத் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கரித்தால் அங்கே வேண்டாம். கம்பெனி சர்வீஸாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், அங்கே என்ன தண்ணீர் என்று. வீட்டுக்கு காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் இரண்டு குடம் மிச்சம் பிடித்து, வீல் ஆர்ச்சுக்குள்ளும் கதவுக்கு அடியிலும் ஊற்றினாலே போதும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேற சின்னச் சின்ன துளை இருக்கும், மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடச் சொல்லுங்கள். தனுஷ்கோடிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போனால் அன்று இரவே கழுவியாகவேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு எல்லோரும் கடைசி வரை காரிலேயே போய்விடுகிறோம், இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் மணலும் உப்புச் சாரலும் ரோட்டின் மேலேயே பறக்கும்.

வண்டி அதிகம் நிற்பது பற்றி வாப்பாவிடம் சொல்லவேண்டியவை. வாரத்தில் ஒரு நாள் ஏசி போட்டு அரை மணி நேரமாவது ஓட்டட்டும், ராமநாதபுரம் வரை போய் வந்தாலே ஆயிற்று. வாசலிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பதால் பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் கெடுதல்தான். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவேண்டாம், உள்ளே வேர்த்து ஈரம் நிற்கும், காற்றுப் புகும் துணிக் கவர் போடலாம். நாள் கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டு டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது நல்லது. டயர் பட்டன் தேயவில்லை என்று பார்த்து ஏமாறவேண்டாம், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021இன் 23வது வாரத்தில் செய்தது. ஓடாத டயரும் வெயிலில் வெடிக்கும், அதனால் வெளியே மெக்கானிக்கிடம் முதல் தடவை போகும்போது ஸ்பேர் டயரையும் சேர்த்து ஐந்தின் பக்கவாட்டையும் பார்க்கச் சொல்லி, அந்த இலக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பில்களை ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றிலும் கிலோமீட்டரும் தேதியும் எழுதச் சொல்லி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சர்வீஸ் செய்த வண்டிக்கு விலை போகாது என்பார்கள், கையில் பில் இல்லாவிட்டால்தான் அப்படி. என்ன ஆயில், எந்த டப்பா பேட், எந்தத் தேதி என்று எழுத்தில் காட்டினால், அடியில் துரு இல்லாத கீழக்கரை வண்டியை மதுரைக்காரரே வந்து வாங்கிக்கொண்டு போவார்.